மூன்றாம் பத்தி

மேலூர் ரோட்டில் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷின் சூட்டுக்குப் பின்னால்
ஒரு மேசை, ஒரு கணினி, நான்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

விவாகரத்துக்கென்று
ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன்.
பெயர், வயது, ஊர், தேதி மாற்றினால் போதும்.
மூன்றாம் பத்தி மாறாது.
திருமணத்துக்குப் பிறகு இருவரும்
சில காலம் ஹேப்பிலி வாழ்ந்தார்கள்.
பதினோரு நாள் வாழ்ந்தவர்களும்
பத்தொன்பது வருஷம் வாழ்ந்தவர்களும்
அதே ஏழு எழுத்து இங்கிலீஷில்.

வக்கீல் சுகிர்தராஜ் சார் சொல்வார்:
"நல்லா இருந்தாங்கன்னு எழுதினாத்தான்
கெட்டதுக்கு ஒரு தேதி கிடைக்கும்."

அவரே ஒருநாள் வேறு மனுவுக்கு
அந்தச் சொல்லை வாக்கியத்தின் தலையில் வைத்தார்:
"ஹேப்பிலி, கமா போடு,
குழந்தை எதுவும் இல்லை."
என் கை நின்றுவிட்டது.
யாருக்கு சந்தோஷம் சார்?
"யாருக்குமில்லப்பா. நல்லவேளைன்னு அர்த்தம்."
அன்றைக்குத்தான் பிடிபட்டது.
உள்ளே இருந்தால் அது வாழ்ந்தவர்களின் சொல்.
வாசலுக்கு வந்து
ஒரு கமாவில் சாய்ந்து நின்றால்
வேடிக்கை பார்ப்பவரின் சொல்.

செவ்வாய்க்கிழமை
செக்கானூரணியிலிருந்து ஒச்சம்மாள் வந்தார்.
மாவு மில்லில் வேலை.
முழங்கைக்கு மேல்
கழுவாமல் விட்ட வெள்ளை.
வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது,
அதனால் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.
மூன்றாவதில்,
"கொஞ்ச காலம் சந்தோஷமா
இருந்தீங்கன்னு போட்டிருக்கு."

"சந்தோஷமா?"

நான் சொன்ன அதே சொல்.
ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை.
என் வாயில் அது வினைக்கு அடை.
அவர் வாயில் வினா.
கடைசியில் நிற்கும் அந்த ஆ
இரண்டு வீட்டிலும் சோறு தின்கிறது.

ஜெராக்ஸ் மிஷின் இரண்டு தாள் துப்பியது.
ஒச்சம்மாள் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்,
கட்டை விரலைத் தாண்டவில்லை.
"ஆண்டிபட்டி கணவாயில பஸ்சு பஞ்சராகி நின்னுச்சு.
நல்ல வெயிலு.
ஒரு வெள்ளரிக்காய வாங்கி ஒடிச்சோம்.
பெரிய பாதிய எனக்குக் குடுத்துட்டு
அவரு சின்னதத் தின்னாரு.
அன்னைக்குன்னா வேணாப் போட்டுக்கங்க."

சில காலத்தை அழித்தேன்.
ஒரு பிற்பகல் என்று அடித்தேன்.
வாழ்ந்தார்கள் இடித்தது,
இருந்தார்கள் என்று மாற்றினேன்.
சார் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டார்:
"மனுவா இது? கதையா?
எதிர்த்தரப்பு பிடிச்சுக்கிடும்.
பழையபடியே வை."
வைத்தேன்.
இத்தனை வருஷத்தில் எந்த ஜட்ஜும்
மூன்றாம் பத்தியில் நின்று நான் பார்த்ததில்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து
இங்க போடணும்மா என்றேன்,
யோசிச்சுப் போடுங்க.
"யோசிக்க என்ன இருக்கு,
சந்தோஷமாப் போடுறேன்."
இப்போது அந்தச் சொல்
மூன்றாவது வேலைக்குப் போயிருந்தது:
தடையில்லை, சம்மதம், பேனாவைக் கொடு.
ஒச்சம்மாள் என்று
ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதினார்.
பக்கத்தின் முதுகில் கை வைத்தால் தட்டுப்படும்.

நாலு பக்கம், நூற்றிருபது.
இடுப்புச் சுருக்கிலிருந்து
மாவு அப்பிய நோட்டுகளை எண்ணி வைத்தவர்
எழுந்து, நின்று,
"அந்தச் சந்தோஷமாவுக்கும் சேத்துத்தான
காசு வாங்குறீங்க?" என்றார்.

ஆமாம்மா, பக்கக் கணக்கு.

"அப்பக் கிடக்கட்டும்" என்று சொல்லி
பஸ்சுக்கு நடந்தார்.

அந்த மூன்று வரி இன்னும் என் கணினியில்
வேறு பெயரில் கிடக்கிறது.
யாராவது பெயரும் ஊரும் சொன்னால்
சில நாள் தவறி அதைத் திறந்துவிடுகிறேன்.
கர்சர்
பிற்பகலுக்குப் பக்கத்தில் துடிக்கிறது.